நாற்று நட்ட கைக்கு ஒரு ஏக்கர்

முகையூர் வட்டாரத்தில் ஒரு மணிலாக் கொல்லை யாருடையது என்று இரண்டு விதமாகச் சொல்லலாம். பட்டாவைப் பார்த்துச் சொல்வது ஒரு விதம். அதில் யார் பாடுபடுகிறார்கள் என்று பார்த்துச் சொல்வது இன்னொரு விதம்.

முதலில் பாட்டைக் கவனிப்போம். விதைக்கு வைத்த மல்லாட்டையை இயந்திரத்தில் உடைத்தால் பருப்பின் தோல் உரியும், முளைப்புத் திறன் கெடும். ஆகவே கையால்தான் உடைக்க வேண்டும். அது பெண்கள் வேலை. ஏர் போகும் சாலில் பின்னாலேயே நடந்து பருப்பை ஒவ்வொன்றாக விடுவதும் அவர்களே. 20-ம் நாள் முதல் களை. 40-ம் நாளை ஒட்டி இரண்டாம் களை. அப்போதே ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு, செடியைச் சுற்றி மண் அணைக்க வேண்டும். களைக்கொட்டைப் பிடித்துக் குனிந்தபடி இந்த வேலையைச் செய்கிறவர்கள் பெண்கள். நூறு நாள் கழித்துச் செடி பிடுங்கியதும், வரப்பு மேட்டில் உட்கார்ந்து காய் ஆய்வது, களத்தில் காய வைப்பது, தூற்றுவது எல்லாம் அவர்கள் கையில்தான். மூட்டை கட்டி வண்டியில் ஏற்றும்போது மட்டும் வீட்டுக்காரர் முன்னால் உட்காருகிறார். விற்பனைக் கூடத்தில் சீட்டு அவர் பேரில் வருகிறது.

இனி பட்டாவைக் கவனிப்போம். 2015-16-ம் ஆண்டு எடுக்கப்பட்ட வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் சாகுபடிப் பண்ணைகளில் 100-க்குச் சுமார் 14 மட்டுமே பெண்கள் பொறுப்பில் உள்ளவை. வேலையில் பெரும்பங்கு பெண்ணுக்கு. பட்டாவில் பேர் அவளுக்கு இல்லை.

நல்ல காலத்தில் இது யாருக்கும் உறுத்துவதில்லை. "என் பேரில் இருந்தால் என்ன, அவர் பேரில் இருந்தால் என்ன" என்று குடும்பப் பெண்கள் சொல்வதுண்டு. கெட்ட காலம் வரும்போதுதான் வித்தியாசம் தெரியும். 2024-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. தொடர்ந்து சாத்தனூர் அணையிலிருந்து வந்த வெள்ளத்தில் தென்பெண்ணை பெருக்கெடுத்தது. விழுப்புரம் மாவட்டத்தில் வயல்கள் மணல் மூடிக் கிடந்தன. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேதமான பாசனப் பயிருக்கு எக்டேருக்கு ரூ.17,000 நிவாரணம் என்று அரசு அறிவித்தது. கணக்கெடுக்க வருகிற அலுவலர் முதலில் கேட்பது சிட்டாவும் அடங்கலும். பட்டாதாரர் இறந்து பத்து வருடம் ஆகியும் பேர் மாற்றாத குடும்பத்தில், பயிர் வைத்த விதவைத் தாய் என்ன காட்டுவாள்?

கூட்டுறவுக் கடன் சங்கத்திலும் இதே கேள்வி. சொட்டு நீர்ப் பாசன மானியத்துக்கும் இதே கேள்வி. சிறு, குறு விவசாயி சான்று வாங்கப் போனாலும் இதே கேள்வி: "நிலம் யார் பேரில்?"

இந்தக் கேள்வியைத் தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டு, நிலமில்லாத பெண்கள் ஆயிரக்கணக்கானோர் பேரில் நிலம் எழுதி வாங்கிக் கொடுத்தவர் ஒருவர் உண்டு. அவர் வேலை செய்த இடம் முகையூருக்குத் தெற்கே, கடலோரத்து நாகை மாவட்டம். அவர் பெயர் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். அவர் பட்ட பாட்டையும், அதில் கண்ட வழியையும் நம் சிறு விவசாயக் குடும்பங்கள் தெரிந்துகொள்வது நல்லது.

கூலிக்காரத் தாயின் மகள்

கிருஷ்ணம்மாள் 1926-ம் ஆண்டு, இன்றைய திண்டுக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த அய்யன்கோட்டையில் பிறந்தார். நிலமில்லாத தாழ்த்தப்பட்ட குடும்பம். பிள்ளைகள் பலர் இருந்த வீடு. தகப்பனார் சீக்கிரமே காலமாகிவிட, தாய் நாகம்மாள் கூலி வேலைக்குப் போய்க் குடும்பத்தைக் காப்பாற்றினார். இளம் வயதில் கைம்பெண்ணாகி, பொழுது விடிந்தால் பிறர் வயலில் இறங்கி, இருட்டிய பிறகு வீடு திரும்பிய அந்தத் தாயின் கஷ்டமே மகளின் மனத்தில் ஆழப் பதிந்தது. ஊருக்கெல்லாம் சோறு விளைவித்துக் கொடுக்கும் கைக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லை என்பதை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, வீட்டிலேயே கண்டார்.

அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட குடும்பத்துப் பெண் பள்ளிக்கூடம் போவதே அபூர்வம். கிருஷ்ணம்மாள் மதுரைக்குப் போய்ப் படித்தார். காந்தியவாதியும் மருத்துவருமான டாக்டர் சௌந்திரம் அம்மையாரின் ஆதரவு அவருக்குக் கிடைத்தது. பின்னாளில் காந்தி கிராமத்தை உருவாக்கிய அம்மையார் இவரே. கல்லூரிப் படிப்பை முடித்த கிருஷ்ணம்மாள், உத்தியோகம் தேடிப் போகாமல் சர்வோதயத் தொண்டில் சேர்ந்தார்.

அங்கேதான் ஜெகந்நாதனைச் சந்தித்தார். அவர் அந்நாளைய ராமநாதபுரம் மாவட்டத்தில் வசதியான குடும்பத்தில் பிறந்து, காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டுக் கல்லூரியை விட்டு வெளியேறியவர். 1942-ம் ஆண்டு 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் சிறை சென்றவர். நாடு விடுதலை பெற்ற பிறகே திருமணம் என்று இருவரும் காத்திருந்து, 1950-ல் மணம் புரிந்துகொண்டார்கள். சாதியும் வசதியும் வேறு வேறான இருவர் சேர்ந்து நடத்திய குடும்பம் அது. சொந்தத்துக்கென்று சொத்துச் சேர்ப்பதில்லை என்பது அவர்கள் ஏற்றுக்கொண்ட விதி.

தானமாக வந்த நிலம்

1951-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் தெலுங்கானாவில் போச்சம்பள்ளி என்ற கிராமத்தில் வினோபா பாவே பூதான இயக்கத்தைத் தொடங்கினார். நிலம் உள்ளவர்களிடம் நடந்தே போய், ஆறில் ஒரு பங்கை ஏழைகளுக்குக் கொடுங்கள் என்று கேட்பது அந்த இயக்கம். ஜெகந்நாதன் வடக்கே வினோபாவுடன் நடந்தார். கிருஷ்ணம்மாள் சென்னையில் ஆசிரியப் பயிற்சியை முடித்தார். பிறகு இருவரும் தமிழ்நாட்டில் ஊர் ஊராக நடந்து பூதான வேலையில் ஈடுபட்டனர். வினோபாவே 1956-57-ல் தமிழ்நாட்டில் நடைப்பயணம் செய்தார். 1958-ல் இங்கே பூதானச் சட்டமும் வந்தது.

பூதானத்தில் நல்ல மனத்தோடு கொடுத்தவர்கள் உண்டு. ஆனால் கல்லும் கரடுமான நிலத்தைக் கொடுத்தவர்களும், வழக்கில் இருந்த நிலத்தைத் தள்ளிவிட்டவர்களும் உண்டு. காகிதத்தில் கைக்கு வந்த நிலம், தரையில் கைக்கு வரவில்லை. பல ஆண்டு நடந்த பிறகு கிருஷ்ணம்மாளுக்கு ஒன்று தெளிவாயிற்று. பிறர் மனம் இரங்கிக் கொடுப்பதோடு வேலை முடிவதில்லை. நிலம் உழக்கூடியதாக இருக்க வேண்டும். பத்திரம் முறையாக இருக்க வேண்டும். உழைக்கிறவர் பேரிலேயே இருக்க வேண்டும்.

வெண்மணிக்குப் பிறகு

1968-ம் ஆண்டு டிசம்பர் 25-ந் தேதி இரவு, அப்போது கீழத் தஞ்சை என்று சொல்லப்பட்ட பகுதியில் கீழ்வெண்மணி கிராமத்தில் அந்தக் கொடுமை நடந்தது. நெல் கூலியை உயர்த்திக் கேட்ட விவசாயத் தொழிலாளர்களுக்கும் மிராசுதாரர்களுக்கும் நடந்த தகராற்றின் முடிவில், ஒரு குடிசைக்குள் ஒளிந்திருந்த 44 பேர் தீயில் கருகி மாண்டார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்.

செய்தி கேட்ட கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் அந்தப் பகுதிக்கு வந்தார்கள். மற்றவர்கள் வந்து ஆறுதல் சொல்லித் திரும்பியபோது, இவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். கீழத் தஞ்சை வளமான டெல்டா. காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் வண்டல் பூமி. ஆனால் வயலில் இறங்கி நாற்று நடும் பெண்ணுக்கு அந்த வண்டலில் ஒரு பிடி மண்ணும் சொந்தமில்லை. குடிசை போட்டிருந்த இடம்கூட மிராசுதாரருடையதே. கூலி கேட்டால் குடிசையைக் காலி செய் என்பார்கள். சண்டை கூலியைப் பற்றியதாகத் தெரிந்தாலும், வேர் நிலத்தில் இருந்தது.

நில உச்சவரம்புச் சட்டம் தமிழ்நாட்டில் 1961-ம் ஆண்டே வந்துவிட்டது. முதலில் 30 தர ஏக்கர் என்றிருந்ததை 1970-ல் 15 தர ஏக்கராகக் குறைத்தார்கள். ஆனாலும் கோயில் பேரிலும், அறக்கட்டளை பேரிலும், பினாமிகள் பேரிலும் பெரும் பரப்பு ஒரு சிலர் கையிலேயே தங்கியது. வலிவலம் போன்ற ஊர்களில் அப்படிப்பட்ட நிலத்தை உழைப்பவர்களுக்குக் கேட்டுச் சத்தியாக்கிரகம் நடத்தினார்கள். ஊர்ப் பெண்களே முன்வரிசையில் நின்றார்கள். கிருஷ்ணம்மாளும் சிறை சென்றவர். கை ஓங்கியவர்கள் முன்னால் கையைக் கட்டி நிற்பது சுலபமான காரியம் இல்லை. ஆனால் அடிக்கு அடி என்று கிளம்பினால் சாகப் போவது மறுபடியும் குடிசைக்காரர்கள்தான் என்பதை வெண்மணியே சொல்லிக் கொடுத்திருந்தது.

விலை பேசி வாங்கும் வழி

1981-ம் ஆண்டு கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் 'உழுபவனின் நில உரிமை இயக்கம்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 'லாப்டி' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். நாகை மாவட்டம் கூத்தூர் அதன் மையம். பூதானம் நிலத்தைத் தானமாகக் கேட்டது. சத்தியாக்கிரகம் உரிமையாகக் கேட்டது. லாப்டி மூன்றாவது வழி ஒன்றைக் கண்டது. விலை பேசி வாங்குவதே அது.

அந்த வழி இப்படி. கீழத் தஞ்சையில் மிராசுதாரர் பலர் பிள்ளைகளின் படிப்புக்கும் தொழிலுக்கும் நகரத்துக்குக் குடிபோய்க்கொண்டிருந்தார்கள். விற்க மனமுள்ளவரையும், வாங்க ஆசையுள்ள கூலிக் குடும்பங்களையும் ஒரே திண்ணையில் உட்கார வைத்து நியாயமான விலை பேசினார் கிருஷ்ணம்மாள். வெண்மணிக்குப் பிறகு எதிரெதிராக நின்ற இரண்டு தரப்பும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுவதே அங்கே பெரிய மாற்றம்.

விலை பேசியாயிற்று. பணம்? அன்றாடக் கூலிக்காரியிடம் ஏது பணம்? வங்கிக்குப் போனால் ஜாமீனுக்கு நிலம் இருக்கிறதா என்று கேட்பார்கள். நிலம் வாங்கத்தானே கடன்! முத்திரைத் தீர்வையும் பதிவுச் செலவும் சேர்ந்தால் மலைப்பாக இருந்தது. வங்கிக்கும் அரசு அலுவலகங்களுக்கும் அவர் நடந்த நடைக்குக் கணக்கில்லை. ஒரு கதவு மூடினால் அடுத்த கதவு. ஓர் அதிகாரி மாறினால் புதிய அதிகாரியிடம் முதலிலிருந்து பேச்சு. தொடங்கிய சில ஆண்டுகளில் கைக்கு வந்த நிலம் கொஞ்சமே. அதற்காக அவர் முயற்சியைக் கைவிடவில்லை.

கடன் கிடைத்த இடங்களில் குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் என்று பிரித்து எழுதினார்கள். சேர்ந்து பயிர் செய்து, விளைச்சலிலிருந்து தவணையைக் கட்டினார்கள். 2007-ம் ஆண்டு வரையிலான கணக்குப்படி, இவ்விதம் சுமார் 13,000 ஏக்கர் நிலம் சுமார் 13,000 குடும்பங்களின் கைக்கு வந்திருந்தது.

ஏன் பெண் பேரில்?

லாப்டி வாங்கிக் கொடுத்த நிலத்தைக் குடும்பத் தலைவரான ஆண் பேரில் எழுதவில்லை. பெண் பேரில் எழுதியது. இதற்குக் காரணம் உண்டு.

கூலிக் குடும்பத்தில் கஷ்டம் வந்தால் முதலில் அடகுக்குப் போவது கையிலுள்ள சொத்து. குடிப்பழக்கம் உள்ள வீட்டில் அது இன்னும் சீக்கிரம் போகும். பிள்ளைகளின் பசி அறிந்த தாய், நிலத்தை அவ்வளவு சுலபத்தில் கையை விட்டுப் போக விடமாட்டாள். இரண்டாவது காரணம், நடவும் களையும் அறுப்பும் அவள் வேலை. வேலை தெரிந்தவள் கையில் நிலம் தரிசாகக் கிடக்காது. மூன்றாவது, பத்திரத்தில் பேர் வந்துவிட்டால் வங்கியிலும் ஊர்க் கூட்டத்திலும் அவள் பேச்சுக்கு மதிப்பு வருகிறது. நேற்று வரை மிராசுதாரர் வாசலில் எட்டி நின்றவள், இன்று அடுத்த வயல்காரி.

ஒரு ஏக்கர் போதுமா என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு நாளைக்கு ஒன்றரை கிலோ அரிசி என்றால், வருடத்துக்கு 550 கிலோ அரிசி. நெல்லாகக் கொண்டால் சுமார் 850 கிலோ. ஒரு ஏக்கர் சம்பாவில் மிகச் சுமாராக 1,500 கிலோ நெல் கண்டாலே, சாப்பாட்டுக்குப் போக 650 கிலோ மிஞ்சும். அதில் சாகுபடிச் செலவும் தவணையும் அடைய வேண்டும். வசதியான வாழ்க்கை என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் அடுத்த வேளைச் சோற்றுக்கு யார் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. கூலிக்குப் போனாலும், நியாயமான கூலி கொடுக்காதவரிடம் 'மாட்டேன்' என்று சொல்லிவிட்டு வரலாம். வயிற்றுக்கு நெல் வீட்டில் இருக்கிறவர்களால்தான் அப்படிச் சொல்ல முடியும்.

வயல் வேலை இல்லாத மாதங்களில் பாய் நெசவு, தையல், தச்சு, கொத்து வேலை என்று கைத்தொழில் கற்றுக் கொடுக்கவும் லாப்டி ஏற்பாடு செய்தது. மழைக்கும் தீக்கும் தாங்காத கூரைக் குடிசைக்குப் பதிலாகக் கல் வீடு என்பது அடுத்த வேலையாயிற்று. வெண்மணியைக் கண்ணால் பார்த்த கிருஷ்ணம்மாளுக்குத் தீப்பிடிக்காத வீடு என்பது எத்தனை பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை.

உப்பு நீர் வந்தது

கிடைத்த நிலத்தைக் காப்பாற்றுவது கிடைப்பதைவிடக் கஷ்டம் என்பதும் தெரிந்தது. 1990-களின் தொடக்கத்தில் நாகைக் கடலோரத்தில் இறால் பண்ணைகள் வேகமாகப் பரவின. கம்பெனிகள் ஏக்கர் கணக்கில் நிலம் வாங்கிக் குட்டை வெட்டி, கடல் நீரை ஏற்றி இறால் வளர்த்தன. அந்த உப்பு நீர் பக்கத்து வயலுக்குக் கசிந்தது. குடிநீர்க் கிணறு கரித்தது. நெல் விளைந்த வயலை இறால் குட்டைக்கு விற்றுவிட்டால், நாற்று நடவும் களை எடுக்கவும் அங்கே ஆள் தேவையில்லை. பெண்களுக்கு வேலையே போயிற்று.

கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் மறுபடியும் சத்தியாக்கிரகத்தில் இறங்கினார்கள். ஊர்ப் பெண்கள் கூட நின்றார்கள். அடியும் உதையும் பட்டார்கள். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1996-ம் ஆண்டு டிசம்பர் 11-ந் தேதி தீர்ப்பு வந்தது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் கட்டப்பட்ட இறால் குட்டைகளை அகற்ற வேண்டும், விவசாய நிலத்தையும் சதுப்பு நிலத்தையும் ஊர்ப் பொது நிலத்தையும் இறால் குட்டையாக மாற்றக் கூடாது, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது.

தீர்ப்பு வந்ததோடு சண்டை முடிந்துவிடவில்லை. 2005-ம் ஆண்டு வந்த சட்டம், இறால் பண்ணைகளைப் பதிவு செய்து அனுமதிக்கத் தனி ஆணையம் ஒன்றை ஏற்படுத்தியது. இறால் பண்ணைகள் தொடர்ந்தன. ஆனாலும் சாதாரண விவசாயக் கூலிப் பெண்களின் முறையீடு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போய்க் கேட்கப்பட்டது என்பது சிறிய விஷயம் இல்லை.

கிருஷ்ணம்மாளுக்கு 1989-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2008-ல் கணவருடன் சேர்ந்து, 'மாற்று நோபல்' என்று உலகத்தார் சொல்லும் சுவீடன் நாட்டு விருதைப் பெற்றார். 2020-ல் பத்மபூஷண் அறிவிக்கப்பட்டது. ஜெகந்நாதன் 2013-ம் ஆண்டு பிப்ரவரியில் காலமானார். கணவர் மறைந்த பிறகும், தொண்ணூறு வயதை நெருங்கும் நிலையிலும் கிருஷ்ணம்மாள் வேலையை நிறுத்தவில்லை. வள்ளலாரிடம் ஆழ்ந்த பக்தி கொண்டவர் அவர். பசித்தவருக்குச் சோறு என்று வடலூரில் வள்ளலார் மூட்டிய அடுப்பு எதற்கோ, அதற்கே இவர் வாங்கிக் கொடுத்த ஏக்கரும்.

மளிகைக் கடையில் சேர்ந்த நிலம்

எல்லாருக்கும் ஓர் இயக்கம் வந்து நிலம் வாங்கித் தரும் என்று இருக்க முடியாது. தானே சம்பாதித்து, தானே வாங்கிய பெண்ணும் உண்டு. கோவை மாவட்டம் தேக்கம்பட்டியைச் சேர்ந்த பாப்பம்மாள் அப்படிப்பட்டவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளர்ந்தார். பாட்டி நடத்திய சிறு கடையைப் பிறகு தானே நடத்தினார். கடை வருமானத்தில் மிச்சம் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக 10 ஏக்கர் வரை நிலம் வாங்கினார். சோளம், பயறு, காய்கறி, வாழை என்று பயிர் செய்தார்.

வேளாண்மைப் பல்கலைக்கழகக் கூட்டங்களுக்குப் போய் உட்கார்ந்து கேள்வி கேட்பார். இயற்கை முறைச் சாகுபடிக்குத் திரும்பினார். ஊராட்சியிலும் பொறுப்பு வகித்தார். வயதான பின் இரண்டரை ஏக்கரை வைத்துக்கொண்டு, நூறு வயதைத் தாண்டியும் வயலில் இறங்கி வேலை செய்தார். 2021-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2024-ம் ஆண்டு செப்டம்பர் 27-ந் தேதி காலமானார்.

கிருஷ்ணம்மாளின் வழி வேறு, பாப்பம்மாளின் வழி வேறு. ஆனால் இருவர் வாழ்க்கையும் ஒரே இடத்தில் வந்து சேருகிறது. பெண் எவ்வளவு பாடுபட்டாலும் அது கூலியாகக் கரைந்து போகும்; அவள் பேரில் நிலம் இருந்தால்தான் அந்தப் பாடு அடுத்த தலைமுறைக்குத் தங்கும்.

நம் வீட்டில் என்ன செய்யலாம்?

முகையூர் வட்டாரத்தில் பெரும்பாலானவை ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருக்கும் குடும்பங்கள். இருக்கிற நிலத்திலேயே பெண்ணின் பேரைக் கொண்டுவர வழிகள் உள்ளன.

முதலாவது, மகளின் பங்கு. தமிழ்நாட்டில் 1989-ம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்பால் பங்கு வந்தது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25-ந் தேதிக்கு முன்பே கல்யாணமானவர்களுக்கு அது கிடைக்கவில்லை. 2005-ம் ஆண்டு மத்திய சட்டம் அந்தத் தடையையும் நீக்கியது. கல்யாணமான மகளுக்கும் பங்கு உண்டு. 2004 டிசம்பர் 20-ந் தேதிக்கு முன்பே பதிவு செய்து முடிந்த பாகப்பிரிவினையை இது தொடாது. சீர் செய்தாயிற்று, பங்கு எதற்கு என்று சொல்வது சட்டப்படி செல்லாது.

இரண்டாவது, கணவர் இறந்த பின். உயில் எழுதாமல் இந்து ஆண் ஒருவர் இறந்தால் அவர் சொத்தில் மனைவி, மகன், மகள், தாய் ஆகிய எல்லாருக்கும் சம பங்கு. ஆனால் சட்டத்தில் பங்கு இருந்தால் மட்டும் போதாது. இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வாங்கி, பட்டா மாறுதலுக்கு இ-சேவை மையத்தில் மனுக் கொடுக்க வேண்டும். துக்க வீட்டில் இதைப் பேசுவதா என்று தள்ளிப்போட்டால் பத்து வருடம் போய்விடும். அதற்குள் வாரிசுகளில் இன்னொருவரும் இறந்து போனால் சிக்கல் இரட்டிப்பாகும்.

மூன்றாவது, உயிரோடு இருக்கும்போதே எழுதி வைப்பது. கணவர் தன் பேரிலுள்ள நிலத்தில் ஒரு பாகத்தை மனைவிக்கோ மகளுக்கோ செட்டில்மெண்டாக எழுதலாம். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். 2023-ல் மாற்றியபடி, தீர்வை ரூ.40,000-க்கும் கட்டணம் ரூ.10,000-க்கும் மேல் போகாது. சிறு நிலத்துக்குச் செலவு தாங்கக் கூடியதே.

நான்காவது, புதிதாக வாங்கும்போது. 2025-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி முதல், ரூ.10 லட்சம் வரை மதிப்புள்ள வீடு, மனை, விவசாய நிலத்தைப் பெண்கள் பேரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. பத்து லட்ச ரூபாய் நிலத்துக்குப் பத்தாயிரம் ரூபாய் மிச்சம். அந்தப் பணம் ஒரு போகத்து உரச் செலவுக்காவது ஆகும்.

ஐந்தாவது, நிலமே இல்லாத கூலிக் குடும்பங்களுக்கு. ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிரிவைச் சேர்ந்த நிலமற்ற விவசாயக் கூலிப் பெண்கள் நிலம் வாங்க, 'நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டம்' என்பதைத் தாட்கோ மூலம் அரசு 2023-ல் கொண்டு வந்தது. நில விலையில் பாதி, அதிகபட்சம் ரூ.5 லட்சம் வரை மானியம் என்பது அதன் ஏற்பாடு. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கிடைத்துவிடாது. மாவட்டத் தாட்கோ அலுவலகத்தில் கேட்டு, விண்ணப்பித்து, விடாமல் தொடர வேண்டும். வங்கி வாசலில் கிருஷ்ணம்மாள் நடந்த நடையை நினைத்துக்கொண்டால் நாலு முறை போய் வருவது பெரிதாகத் தெரியாது.

பேர் மாறினால் குடும்பத்தில் பூசல் வரும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். பேர் மாற்றாமல் விட்ட நிலத்தில்தான் பூசல் அதிகம் என்பதை ஊரில் நடக்கும் வழக்குகளைப் பார்த்தாலே அறியலாம். கணவன் மனைவி இருவர் பேரிலும் கூட்டுப் பட்டாவாக இருந்தால், ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் முழு நிலத்தையும் விற்கவோ அடகு வைக்கவோ முடியாது. அது இருவருக்கும் காப்பு.

2026-ம் ஆண்டைப் பெண் விவசாயிகளுக்கான சர்வதேச ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது. உலக அளவில் விழா எடுப்பது நல்லதுதான். ஆனால் முகையூர்ப் பக்கத்துச் சிறு விவசாயிக்கு அதற்கு மேடையும் மாலையும் தேவையில்லை. வீட்டுப் பெட்டியைத் திறந்து பட்டாவை எடுத்துப் பார்க்கட்டும். அதில் இருப்பது இறந்துபோன தாத்தா பேரா, தன் பேர் மட்டுமா, மனைவி பேரும் உண்டா என்று பார்க்கட்டும்.

அடுத்த பட்டத்துக்கு விதை மல்லாட்டை உடைக்கும் நாளில், முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் தன் நிலத்துக்கு விதை உடைக்கிறாள் என்று இருக்கட்டும். கீழத் தஞ்சையில் பதிமூன்றாயிரம் குடும்பங்களுக்குக் கிட்டியது, இங்கே ஒரு வீட்டுக்குக் கிட்டாமல் போகாது.